எல்லாருக்கும் ஒருவரே கட்டுவார்

ஆனந்தராசா: ...ஆகவே, சபையோரே, வரலாறு எங்களிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கும். ஒரு மனிதன் நோயுற்றுக் கிடக்கும்போது அவனுக்காகப் பணம் கட்டுவது யார்? அந்தக் கேள்விக்கு எமது மாநிலம் ஒரே சொல்லில் மறுமொழி சொல்லப் போகிறது. ஒருவர். எல்லாருக்கும் ஒருவரே கட்டுவார்...

நாகபூசணி: காலைத் தூக்குங்கோ அண்ணை. கதிரைக்குக் கீழை கூட்டவேணும்.

ஆனந்தராசா: பேச்சின்ரை உச்சத்திலை வந்து நிண்டுகொண்டு...

நாகபூசணி: உச்சத்துக்குக் கீழைதான் குப்பை கிடக்கு. மற்றக் காலையும் தூக்குங்கோ.

ஆனந்தராசா: பூசணி, சனிக்கிழமை தமிழ் மன்றத்திலை அவ்வளவு சனத்துக்கு முன்னாலை பேசவேணும். அதுக்கு முதல் ஒராளுக்கு முன்னாலை பேசிப் பாக்கிறன். கூடப்பிறந்த தங்கச்சி, கொஞ்சம் இருந்து கேட்டால் என்ன?

நாகபூசணி: நிண்டுகொண்டே கேக்கிறன். இத்தாலிக்கு வந்து பலேர்மோவிலை வீட்டுவேலை செய்யிறவளுக்குக் கிழமையிலை வியாழன் பின்னேரம்தான் லீவு. வேலைக்கு வைச்சிருக்கிற சிஞோரா வீட்டைக் கூட்டாத பின்னேரம் என்ரை வீட்டைக் கூட்டுறன். சொல்லுங்கோ, ஆர் அந்த ஒருவர்?

ஆனந்தராசா: அரசு. இப்ப எங்கடை பக்கம் நூறு காப்புறுதிக் கொம்பனி, நூறு விதமான சட்டம். இனி ஒரே நிதி, ஒரே கை. வருத்தக்காரன் காசைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

நாகபூசணி: அமெரிக்காவிலையோ?

ஆனந்தராசா: அமெரிக்கா முழுக்க இல்லை. எங்கடை மாநிலத்திலை மட்டும். அதுக்குத்தான் இடைமாற்றத் திட்டமிடல் குழு. இப்பிடி ஒருவரே கட்டுற நாடுகளை நேரிலை பாத்து ஆய்வு செய்யத்தான் உன்ரை அண்ணன் உலகத்தைச் சுத்துறார்.

நாகபூசணி: எங்கை எங்கை போனனீங்கள்?

ஆனந்தராசா: முதல்லை பலேர்மோ.

நாகபூசணி: பிறகு?

ஆனந்தராசா: பலேர்மோவை வடிவாச் செய்தால் போதும்.

நாகபூசணி: கொஞ்சம் பொறுங்கோ... இஞ்சாருங்கோ, அறைக்குள்ளை இருக்கிறவர்... நாலாவது போத்தல் முடிஞ்சுதோ?

இராசரத்தினம்: முடிஞ்சுது... முடியுது.

நாகபூசணி: முடிஞ்சுதோ, முடியுதோ?

இராசரத்தினம்: முடியிற மாதிரி முடிஞ்சுது.

நாகபூசணி: அடி வரைக்கும் குடிக்கவேணும் சொல்லிப்போட்டன். நாளைக்குக் காலமை குடல் கண்ணாடி மாதிரி இருந்தால்தான் குழாய் விட்டுப் பாக்கலாமெண்டு டொக்டர் சொன்னவ. நாலாவதும் முழுக்க இறங்கவேணும்.

ஆனந்தராசா: பாவம் மனிசன், தனிய இருந்து குடிக்கிறார். நான் போய் ஒருக்கா உற்சாகப்படுத்திப்போட்டு வாறன்.

நாகபூசணி: இப்பதானே போய் உற்சாகப்படுத்தினனீங்கள். கதவைச் சாத்திக்கொண்டு அவ்வளவு நேரம்.

ஆனந்தராசா: உப்புத் தண்ணி, தங்கச்சி. குமட்டும். பக்கத்திலை ஒராள் இருந்தால் இறங்கும்.

நாகபூசணி: உங்களுக்கு என்னண்டு தெரியும் உப்பெண்டு?

ஆனந்தராசா: ...வாசிச்சனான்.

நாகபூசணி: உங்கடை ஆய்வுக்கு நான் சொல்லுறன், எழுதுங்கோ. போன வருசம், மந்தரீனோத் தோடம்பழம் பிடுங்குற காலம். இவர் சியாகுல்லித் தோட்டத்திலை வேலைக்கு நிண்டவர். பின்னேரம் உடுப்புத் தோய்க்கப் போட்டால் உள்ளுடுப்பிலை இரத்தம். மனிசன் வாய் திறக்கேல்லை. மூலமாம். இவற்றை தமையனும் சாவகச்சேரியிலை இருந்துகொண்டு மூலமெண்டுதான் சொன்னவர். மூலம் மூலமெண்டு எண்ணெய் பூசிப் பூசி, கடைசியிலை வெட்டிப் பாத்தால் குடலிலை புற்று. ஆள் மிஞ்சேல்லை. அதாலைதான் நான் விடேல்லை. காதைப் பிடிச்சு இழுக்காத குறையாக் குடும்ப டொக்டரிட்டைக் கொண்டுபோனன்.

ஆனந்தராசா: நல்ல வேலை செய்தனி.

நாகபூசணி: பொறுங்கோ. டொக்டர் துண்டு எழுதித் தந்தா. நாள் பதியிற இடத்திலை விடியவே போய் வரிசையிலை நிண்டன். அந்தப் பெட்டை கொம்பியூட்டரைப் பாக்கிறாள், என்ரை முகத்தைப் பாக்கேல்லை. வாற வருசம் மார்ச் எண்டாள். இரத்தம் போகுது பிள்ளை எண்டன். மார்ச் எண்டாள். ஒரு மந்தரீனோக் காலத்திலை கண்ட இரத்தத்துக்கு அடுத்த மந்தரீனோக் காலத்திலை நாள்.

ஆனந்தராசா: காத்திருப்புப் பட்டியல் எண்டது எந்தவொரு பொது அமைப்புக்கும்...

நாகபூசணி: இன்னும் முடியேல்லை. அதே மாசம் என்ரை சிஞோராவுக்கும் வயித்துக்குள்ளை ஏதோ. அவ காசு கட்டினா. அதே ஆஸ்பத்திரி, இவரைப் பாக்கப்போற அதே டொக்டர், அதே குழாய், அதே கட்டில். அடுத்த செவ்வாய்க்கிழமை நாள். நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனனான். முடிஞ்சாப்போலை அந்த டொக்டர் வெளியிலை வந்து, ஒண்டுமில்லை, பயப்படவேண்டாமெண்டு சொல்லி எனக்குக் கைதந்தவர். இவற்றை துண்டு அப்ப என்ரை கைப்பைக்குள்ளை கிடந்தது அண்ணை. அந்தக் கையைப் பிடிச்சு இழுத்து வைச்சு அறையவேணும்போலை இருந்தது.

ஆனந்தராசா: அது கலப்புக் கட்டமைப்பின் இடர்.

நாகபூசணி: என்னது?

ஆனந்தராசா: அப்பிடி ஒரு சொல் இருக்கு.

நாகபூசணி: அந்தச் சொல்லைப் பூசினால் இரத்தம் நிக்குமோ?

ஆனந்தராசா: கோவத்தாலை கொள்கை வகுக்க ஏலாது, தங்கச்சி. அதுக்கெண்டு ஒரு... ஒரு நிமிசம்.

நாகபூசணி: எங்கை போறியள்?

ஆனந்தராசா: கக்கூசுக்கு.

நாகபூசணி: திரும்பவுமோ?... இஞ்சாருங்கோ, கேக்குதோ? அண்ணைக்கு வயித்தாலை போகுது. மருந்து குடிக்கிறது நீங்கள், நீங்கள் இன்னும் ஒருக்காலும் போகேல்லை. ஏன்?

இராசரத்தினம்: வரும்... வாற நேரத்திலை வரும்.

நாகபூசணி: குடிச்சு ஒரு மணித்தியாலத்திலை துவங்குமெண்டல்லோ டொக்டர் சொன்னவ.

இராசரத்தினம்: மச்சான் உள்ளுக்கை இருக்கிறார். ஒரு கக்கூசு. நான் எங்கை போறது?

நாகபூசணி: அவர் இல்லாத நேரமும் நீங்கள் போகேல்லையே.

இராசரத்தினம்: என்ரை குடல் சுணங்கித்தான் வேலை செய்யும். உமக்குத் தெரியாததோ.

நாகபூசணி: வாங்கோ அண்ணை. என்ன, முகம் வெளிறிப்போச்சு?

ஆனந்தராசா: அந்த பல்லரோச் சந்தையிலை திண்ட மண்ணீரல் பாண். ஒத்துக்கொள்ளேல்லை.

நாகபூசணி: நேற்று நீங்கள் ஒண்டும் தின்னேல்லையே. கோழிச் சூப்பை வடிச்சு வடிச்செல்லோ குடிச்சனீங்கள்.

ஆனந்தராசா: முந்தநாள் திண்டது. எங்கை விட்டனான்... ஓம், திட்டம். அஞ்சு கட்டம், பூசணி. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குழு, குழுவுக்கு உபகுழு. ஒரு முழு மாநிலத்தைப் பழைய முறையிலையிருந்து புது முறைக்குக் கொண்டுபோறது விளையாட்டில்லை.

நாகபூசணி: இப்ப எந்தக் கட்டத்திலை நிக்கிறியள்?

ஆனந்தராசா: முதலாம் கட்டத்துக்கான முன்னாயத்தம்.

நாகபூசணி: எவ்வளவு காலமா?

ஆனந்தராசா: நாலைஞ்சு வருசம் இருக்கும். அவசரப்பட ஏலாது. நோயாளி எண்ட சொல்லைப் போடுறதோ, பயனாளி எண்ட சொல்லைப் போடுறதோ எண்டே ஒரு முழு வருசம் போச்சு.

நாகபூசணி: எது வெண்டது?

ஆனந்தராசா: சுகாதாரப் பங்காளி.

நாகபூசணி: அப்ப நாளைக்கு இவரைப் பங்காளியெண்டு சொல்லித்தான் உள்ளுக்கை கொண்டுபோவினம். குழாய் விடேக்கை எந்தப் பங்கு இவருக்கு?

ஆனந்தராசா: நக்கல் உனக்கு.

நாகபூசணி: நக்கலில்லை, விளங்கத்தான் கேக்கிறன். இந்தக் குழுவிலை உங்கடை வேலை என்ன? மன்றத்து நோட்டீசிலை சர்வதேச சுகாதாரத் திட்ட வல்லுநர் எண்டு கிடக்கு.

ஆனந்தராசா: அது மன்றத்தாக்கள் கொஞ்சம் கூட்டிப் போட்டிட்டினம்.

நாகபூசணி: நீங்கள் எழுதிக் குடுத்ததெண்டு தலைவர் யசிந்தன் சொன்னவர்.

ஆனந்தராசா: எழுத்துப்பிழை வரக்கூடாதெண்டு எழுதிக் குடுத்தனான். வல்லுநர் எண்டால்... நான் ஒரு உபகுழு. இடம்பெயரும் ஊழியர் உபகுழு.

நாகபூசணி: அகதியளோ?

ஆனந்தராசா: இல்லையடி. ஒருவரே கட்டுவாரெண்டால் காப்புறுதிக் கொம்பனியளுக்கு வேலை இல்லாமல் போகும். அங்கை இருக்கிற ஆயிரக்கணக்கான ஊழியர் எங்கை போறது? அவையின்ரை நலனையும் திட்டத்திலை சேர்க்கவேணும். அவையின்ரை பிரதிநிதி நான்.

நாகபூசணி: ஓ. நீங்கள் கொம்பனியிலை இருந்த ஆளெல்லோ. பெரிய மனேச்சர் எண்டு ஊரிலை கதை. அங்கை என்ன வேலை உண்மையிலை?

ஆனந்தராசா: கோரிக்கைகளைப் பரிசீலித்தல்.

நாகபூசணி: தமிழிலை சொல்லுங்கோ.

ஆனந்தராசா: ஒபரேசன் செய்யவேணும், மருந்து வாங்கவேணும், காசு கட்டுங்கோ எண்டு சனம் கேட்டு எழுதும். பாத்து மறுமொழி எழுதுறது.

நாகபூசணி: ஓம் எண்டோ, இல்லை எண்டோ?

ஆனந்தராசா: ஓம் எழுதுறது வேறை பகுதி.

நாகபூசணி: அப்ப நீங்கள் இவ்வளவு வருசமும் இல்லை எழுதினனீங்கள்.

ஆனந்தராசா: இல்லை எண்ட சொல்லையே நாங்கள் பாவிக்கிறேல்லை. அதுதான் என்ரை பங்களிப்பு. முந்தி முரட்டுத்தனமாத்தான் எழுதிக்கொண்டிருந்தவை. நான் போய்த்தான் ஒரு நல்ல வசனம் அமைச்சுக் குடுத்தனான். தமிழிலை சொன்னால்... தங்கள் நலனில் எமக்குள்ள அக்கறை என்றும் மாறாதது. எனினும், இச்செலவு தங்கள் காப்பில் அடங்காது. எப்பிடி? இண்டைக்கும் கொம்பனி முழுக்க அதுதான். ரெலிபோனிலை கேட்டாலும் அதைத்தான் வாசிப்பினம்.

நாகபூசணி: அதைக் கேட்ட சனம் பேந்து என்ன செய்யும்?

ஆனந்தராசா: மேன்முறையீடு செய்யலாம்.

நாகபூசணி: அதுக்குள்ளை செத்துப்போனால்?

ஆனந்தராசா: குடும்பத்தினர் செய்யலாம்.

நாகபூசணி: அவைக்கு என்ன மறுமொழி?

ஆனந்தராசா: ...அதே வசனம்தான். தங்கள் எண்ட இடத்திலை அன்னாரின் எண்டு வரும்.

நாகபூசணி: அண்ணை, கூட்டுறதை நிப்பாட்டிப்போட்டுச் சொல்லுறன். அந்தப் பதியிற பெட்டையிலை எனக்கு இண்டைக்கும் வயித்தெரிச்சல். ஒரு வருசம் நெஞ்சிலை நெருப்போடை திரிய விட்டவள். ஆனால் அவள் இல்லையெண்டு சொல்லேல்லை. மார்ச் எண்டுதான் சொன்னவள். மார்ச் வந்திட்டுது. நாளைக்குப் போறம். நீங்கள் அக்கறை மாறாதெண்டு எழுதி எழுதி ஆக்களைச் சாகடிச்சுப்போட்டு, இப்ப எல்லாருக்கும் ஒருவரே கட்டுவாரெண்டு மேடையிலை ஏறப் போறியள்.

ஆனந்தராசா: உள்ளிருந்து வந்தவனுக்குத்தான் அதின்ரை ஓட்டை தெரியும்.

நாகபூசணி: ஓட்டையாலை வந்தவர் எண்டு சொல்லுங்கோ. சரி, கோவத்திலை கதைச்சுக் கதைச்சு நாக்கு வறண்டு போச்சு. இந்தாங்கோ, மந்தரீனோ. தோட்டத்துக்காரன் ஒரு பெட்டி குடுத்துவிட்டவன். தேன் மாதிரி.

ஆனந்தராசா: எனக்கு வேண்டாம். நார்ச்சத்து இண்டைக்குக் கூடாது.

நாகபூசணி: இவருக்கெல்லோ கூடாது. உங்களுக்கென்ன?

ஆனந்தராசா: மச்சான் பட்டினி கிடக்கேக்கை நான் மட்டும் எப்பிடித் தின்னுறது? ஒரு ஒருமைப்பாடு.

நாகபூசணி: அதுதான் ரெண்டு நாளா வெறும் சூப்போ? நல்ல மச்சான்... ஆனால் இந்தப் பெட்டி காலமை நிறைய இருந்தது. இப்ப பாதியைக் காணேல்லை.

ஆனந்தராசா: அப்பிடியோ.

நாகபூசணி: நான் தின்னேல்லை. நீங்கள் ஒருமைப்பாடு. அண்ணை, உங்களுக்கு மணக்கேல்லையோ?

ஆனந்தராசா: என்ன?

நாகபூசணி: அந்த அறைக் கதவுக்குக் கீழாலை. மந்தரீனோ உரிக்கிற மணம்.

ஆனந்தராசா: கீழை சந்தையிலையிருந்து வரும். யன்னல் திறந்திருக்கு.

நாகபூசணி: சந்தையிலையிருந்து மீன்தான் மணக்கும். இஞ்சாருங்கோ, கதவைத் திறவுங்கோ. கட்டிலுக்குக் கீழையும் கூட்டவேணும்.

இராசரத்தினம்: இண்டைக்குக் கூட்டாட்டி என்ன? நான் படுத்திருக்கிறன்.

நாகபூசணி: படுங்கோ. தும்புத்தடி உங்களை எழுப்பாது... இது என்ன? இது என்ன இது? தோல், தோல், இன்னும் தோல். ஒரு மரத்தையே உரிச்சுப் போட்டிருக்கிறியள்.

இராசரத்தினம்: ஒரு சுளைதான், பூசணி. பசி தாங்கேல்லை.

நாகபூசணி: ஒரு சுளைக்கு இவ்வளவு தோலோ? ஒரு வருசம். ஒரு வருசம் காத்து நிண்ட நாளை நாறடிச்சுப்போட்டியள். நாளைக்குக் குழாயை விட்டால் உள்ளுக்கை என்ன தெரியும்? சியாகுல்லித் தோட்டம்தான் தெரியும். போத்தலும் மூண்டு வெறுமையாக் கிடக்கு. மருந்தையும் குடிச்சுப் பழத்தையும் திண்ட மனிசன் ஒருக்காலும் கக்கூசுக்குப் போகாமல் இருக்கிறியளே, எப்பிடி?

இராசரத்தினம்: போத்தல் வெறுமைதானே, பூசணி.

நாகபூசணி: ஊத்திப்போட்டியளோ? யன்னலாலை ஊத்திப்போட்டியளோ?

இராசரத்தினம்: ஊத்தேல்லை.

நாகபூசணி: குடிக்கவும் இல்லை.

இராசரத்தினம்: இல்லை.

நாகபூசணி: ஏன்?

இராசரத்தினம்: எனக்குப் பயம்.

நாகபூசணி: குழாய்க்கோ?

இராசரத்தினம்: குழாய்க்கும்தான். பாத்துப்போட்டு என்ன சொல்லுவினமோ எண்டும்தான். தமையன் வெட்டிப் பாத்த பிறகு ரெண்டு மாசம்தானே இருந்தவர். பாக்காமல் விட்டிருந்தால் இன்னும் கொஞ்சக் காலம்...

நாகபூசணி: விசர்க்கதை கதையாதேங்கோ. பாக்கப் பிந்தினபடியாத்தான் போனவர்.

ஆனந்தராசா: பூசணி, பதட்டப்படாதை. இந்த நிலைமையை ஒரு வாய்ப்பாகவும் பாக்கலாம். ஒதுக்கப்பட்ட ஒரு இடம் பயன்படாமல் போகும் அபாயம் இருந்தால், அதை மறு ஒதுக்கீடு...

நாகபூசணி: அண்ணை, இப்ப பேச்சுப் பழகாதேங்கோ. நான் நாளைக்குத் தேவையான சாமானை எடுத்து வைக்கவேணும். ஆஸ்பத்திரித் தெஸெரா அட்டை, டொக்டரின்ரை துண்டு, ரெண்டும் இந்த லாச்சிக்குள்ளைதானே வைச்சனான்... எங்கை?

இராசரத்தினம்: மச்சானின்ரை கோட்டுப் பையிலை.

நாகபூசணி: அங்கை ஏன் போனது?

இராசரத்தினம்: நாளைக்கு மச்சான்தான் போறார்.

நாகபூசணி: எங்கை?

இராசரத்தினம்: எனக்குப் பதிலா.

நாகபூசணி: உங்களுக்குப் பதிலாவோ?

ஆனந்தராசா: ஆய்வுக்காக, பூசணி. பங்காளியின் அனுபவத்தை உள்ளிருந்து ஆராயிறது. ஒரு அறிக்கையிலை இருபது பக்கம் எழுதலாம். மச்சானுக்கும் விருப்பமில்லை, இடமும் வீணாகாது. ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுத்த ஒரு...

நாகபூசணி: அப்ப அந்த மருந்தைக் குடிச்சது?

ஆனந்தராசா: உற்சாகப்படுத்தப் போகேக்கையெல்லாம்.

நாகபூசணி: தெஸெராவிலை பேர் கிடக்கே. பிடிக்கமாட்டினமோ?

இராசரத்தினம்: பேர்தானே கிடக்கு, படம் இல்லையே. வயசும் கிட்டத்தட்ட ஒண்டு. அவைக்கு நாங்கள் எல்லாரும் ஒரு முகம், பூசணி. தோட்டத்திலை இவ்வளவு வருசமா என்னை ஜோசுவா எண்டுதான் கூப்பிடுறாங்கள். ஜோசுவா நெடுவல், மன்னார்ப் பொடியன். அவனை என்ரை பேரிலை கூப்பிடுறாங்கள்.

நாகபூசணி: நல்ல மூளை ரெண்டு பேருக்கும். ஒண்டு கேக்கிறன். பாத்து முடிய றிப்போட் எழுதுவினமே, அது ஆற்றை பேரிலை வரும்?

இராசரத்தினம்: என்ரை பேரிலை.

நாகபூசணி: அண்ணைக்கு ஒண்டுமில்லையெண்டால், உங்களுக்கு ஒண்டுமில்லையெண்டு எழுதுவினம். குடும்ப டொக்டர் அதைப் பாத்துச் சிரிச்சு, போங்கோ, சுகமா இருங்கோ எண்டுவா. அதுக்குப் பிறகு நீங்கள் வாளி வாளியா இரத்தம் போனாலும் ஒருத்தரும் நம்பமாட்டினம். அண்ணைக்கு ஏதும் இருந்தால் உங்களைக் கட்டிலிலை கிடத்தி வெட்டுவினம். இதை யோசிச்சியளோ?

இராசரத்தினம்: ...அந்தளவுக்கு யோசிக்கேல்லை.

நாகபூசணி: திட்டமிடல் குழு யோசிச்சுதோ?

ஆனந்தராசா: அது இரண்டாம் கட்டத்திலை... ஐயோ, ஒரு நிமிசம்.

நாகபூசணி: போங்கோ. கதவுக்குள்ளையிருந்து கேளுங்கோ. என்ரை மனிசன்ரை உயிருக்கு நான் ஒரு வருசம் காத்திருந்து எடுத்த நாள் அது. உங்கடை இருபது பக்கத்துக்கு எடுக்கேல்லை. வெக்கமா இல்லையோ உங்களுக்கு? அறிக்கை எழுத ஆசையெண்டால் அமெரிக்காவிலை எத்தினை ஆஸ்பத்திரி இருக்கு, போய்ப் படுக்கலாமே.

இராசரத்தினம்: பூசணி, மெல்லமாக் கதையும்.

நாகபூசணி: மெல்லமாக் கதைச்சுத்தான் இவ்வளவும் வந்தது. எழும்புங்கோ. நான் மருந்துக்கடைக்குப் போறன். அதே பவுடர், அதே நாலு பைக்கெற்று. என்ரை கண்ணுக்கு முன்னாலை குடிப்பியள். ரெண்டு மந்தரீனோ கழுவுப்பட இன்னும் நேரம் கிடக்கு. பயமெண்டால் கையைப் பிடிச்சுக்கொண்டு வாறன். சிஞோராவின்ரை கையைப் பிடிச்சனான், உங்கடை கையைப் பிடிக்கமாட்டனோ?

இராசரத்தினம்: ...உள்ளுக்கை உம்மை விடுவினமோ?

நாகபூசணி: வாசல் வரைக்கும் விடுவினம். அங்கை நிப்பன்.

இராசரத்தினம்: சரி. குடிக்கிறன்.

ஆனந்தராசா: பூசணி... அப்ப நான்?

நாகபூசணி: நீங்கள் என்ன?

ஆனந்தராசா: மூண்டரைப் போத்தல் குடிச்சிட்டன். உள்ளுக்கை கண்ணாடி மாதிரி இருக்கு. இதை வீணாக்கக்கூடாது.

நாகபூசணி: சனிக்கிழமை மன்றத்திலை கொண்டுபோய்க் காட்டுங்கோ.

இராசரத்தினம்: அவரைப் பேசாதையும், பூசணி.

நாகபூசணி: உங்களுக்கென்ன அவரிலை அவ்வளவு இரக்கம்?

இராசரத்தினம்: மச்சான், நீர் சொல்லுறீரோ, நான் சொல்லவோ?

ஆனந்தராசா: நீரே சொல்லும், மச்சான்.

இராசரத்தினம்: ஆய்வுமில்லை, ஒண்டுமில்லை. அவருக்கும் போகுது.

நாகபூசணி: என்ன போகுது?

இராசரத்தினம்: எனக்குப் போற அதே இரத்தம்தான்.

நாகபூசணி: ...அண்ணை? கனகாலமோ?

ஆனந்தராசா: கோடையிலையிருந்து.

நாகபூசணி: வந்த நாளே ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?

ஆனந்தராசா: வல்லுநரெண்டு நோட்டீஸ் அடிச்சாச்சு.

நாகபூசணி: கொம்பனிக் காப்புறுதி இருக்குத்தானே உங்களுக்கு?

ஆனந்தராசா: வேலையோடை அதுவும் போச்சு. இப்ப அந்த மறுமொழியளைக் கொம்பியூட்டர் எழுதுது. இடம்பெயரும் ஊழியரின்ரை பிரதிநிதியெண்டு சொன்னனே... இடம்பெயர்ந்த ஆளைத்தான் அதுக்கு எடுப்பினம்.

நாகபூசணி: சனிக்கிழமை கட்டுறவரைப் பற்றிப் பேசப் போறவருக்கு, கட்ட ஆளில்லை.

ஆனந்தராசா: பேச்சிலை அந்தப் பகுதி வராது.

நாகபூசணி: கேளுங்கோ. நாளைக்கு இவர்தான் போவார். அதிலை மாற்றமில்லை. உங்களை நான் அவசரப் பிரிவிலை கொண்டுபோய் இருத்துறன். கதிரையிலை ஒரு பகலும் ஒரு இரவும் இருக்கவேண்டி வரும். ஒரு பக்கம் குடிகாரன், மற்றப் பக்கம் கைமுறிஞ்சவன். நேர்ஸ் எரிஞ்சு விழுவாள், பிறகு மறந்துபோவாள். போய்ப் போய்ச் சண்டை பிடிக்கவேணும், நான் பிடிப்பன். ஆனால் ஆர் காசு கட்டுறதெண்டு கேட்டு வாசலிலை மறிக்கமாட்டினம். உங்கடை பேரிலையே போகலாம்.

ஆனந்தராசா: அங்கை எங்கடை ஆக்கள் கன பேர் துப்பரவு வேலை செய்யினம். காணுவினமே.

நாகபூசணி: காணட்டும். உள்ளிருந்து ஆய்வெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.

ஆனந்தராசா: ...சரி.

நாகபூசணி: ஒண்டு மட்டும் எனக்கு விளங்கேல்லை. இவ்வளவு வருசம் உழைச்சுக் குடுத்த கொம்பனி. ஒருக்கா ரெலிபோன் எடுத்து, எனக்கு இப்பிடியெண்டு கேக்கேல்லையோ?

ஆனந்தராசா: கேட்டனான்.

நாகபூசணி: என்ன சொன்னவை?

ஆனந்தராசா: நான் எழுதின வசனத்தைத்தான் வாசிச்சவை.